மூன்று கரண்டி சீனி

"இஞ்சாரும், எனக்குச் சீனி அளவா இருக்குதாம்."

கோலா சிலாங்கூரில் ரத்தப் பரிசோதனையை முடித்துத் திரும்பிய குமாரசிங்கம் வாசலிலேயே வெற்றியை அறிவித்தார். சீனியைக் குறைக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று போன வருஷம் பயமுறுத்தியவரும் இதைச் சொன்ன அதே டாக்டர்தான்.

"ஒரு கரண்டியும் குறைக்கேல்லை எண்டு அவரிட்டைச் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள் மனைவி யோகாம்பாள்.

"சொன்னனான். காலமை மூண்டு, பின்னேரம் மூண்டு. மனுசன் ரிப்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்."

ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, முப்பது வருஷம் விடியற்காலைப் பெரட்டில் வரிசையில் நிற்கும் ஆட்களை எண்ணியவர் அவர். வீட்டில் பேப்பரை விரித்துக்கொண்டு, அடுக்களையில் கோப்பை விளிம்பில் கரண்டி தட்டும் சத்தத்தை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் கோப்பி திரும்பிப் போகும்.

"வாற வழியில அசாம் ஜாவா ஊர்க் கடையில கோப்பி குடிச்சனான். ஒரே பாயாசம். உம்மட கைப்பக்குவம் ஒருத்தனுக்கும் வராது. இண்டைக்கு நாலாப் போடும்."

யோகாம்பாள் உள்ளே போனாள். டிங், டிங், டிங், டிங். கூடத்தில் குமாரசிங்கம் திருப்தியாகத் தலையாட்டினார்.

போன தீபாவளிவரை அவள் கையில் இருந்தது பெரிய கரண்டி. பொங்கலுக்கு அது தேக்கரண்டியானது. சித்திரைக்குப் பேரனுக்கு ஊட்டும் சின்னக் கரண்டியானது. போன மாதத்திலிருந்து, உப்புக் குப்பியில் கிடந்த நகத்தளவுக் கரண்டி.

அதில் நாலென்ன, பத்துக் கேட்டாலும் போடுவாள்.