கடைசித் தங்கத் தகடு

மினசோட்டாவில், நிலத்தடி ஆய்வுக்கூடத்தில் நான் பொத்தானை அழுத்த, லேசர் சுடுகிறது. தங்கத் தகட்டில் பொத்தல் விழுகிறது; காமாக் கதிர் பட்டு ஒளிரும் படிகத்தைப் படமெடுக்கும் கேமராவின் திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது. "ஆறு வருஷமா இதத்தான் கிழிச்சியா, ஆஸ்ட்ரிட்?" என்று பேராசிரியர் டெல்மர் காபியை உறிஞ்சுகிறார். இன்றோடு லேசரில் அவளுடைய முறை முடிகிறது; கதிர் பதியாவிட்டால் அவளுக்குப் பட்டமும் இல்லை. உள்ளே போகலாம் என்று பச்சை விளக்கு எரிந்ததும் ஆஸ்ட்ரிட் உள்ளே போய், கேமராவின் மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறாள். காலையில் விருந்தினருக்குக் கேமராவைக் காட்டிவிட்டு மூடியை மாட்டியவர் டெல்மர். சரிபார்ப்புப் பட்டியலில் 'மூடி கழற்றியாச்சு' என்ற கட்டத்தில் பார்க்காமலே டிக் அடித்த மகா நிபுணன் நான். "நீ கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன்," என்கிறார் டெல்மர். அவள் கடைசித் தகட்டை இடுக்கியால் எடுக்கிறாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க." நிற்கிறோம்.