குழம்புக்கு ஒரு அட்டை

வெங்காயம் நறுக்கி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தையலக்கா ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"அண்ணா, என் குழம்புக்குப் பேர் எழுதிக் குடுங்க."

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பின் பின்பக்கத் தோட்டத்தில் விளைந்ததை எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறோம். பன்னிரண்டு வீடு, ஐந்து மொழி. எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அட்டை நிற்கும்.

அட்டை எழுதுவது என் வேலை. தோட்டத்தில் செடிகளுக்குப் பெயர் எழுதி நடுவதும் நான்தான். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாகச் சான்றிதழ் எழுதுகிறவன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமா என்பாள் மனைவி.

தையலக்கா எதிர்வீடு. என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குடியிருப்புக்கே அக்கா. மூன்று வருடத்துக்கு முன் ஒரு தையல் மெஷின், இரண்டு பெட்டி, ஒரு கணவர் என்று வந்து இறங்கியபோது தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

தோட்டம்தான் எங்களைப் பேச வைத்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உடைந்த கட்டில்கள் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, வீட்டுக்கு ஒரு பாத்தி பிரித்துக்கொண்டோம். அவருடையதும் எங்களுடையதும் அடுத்தடுத்து.

அவர் தன் ஊரிலிருந்து விதை வரவழைத்து வளர்த்த கீரையை, களை என்று நினைத்து ஒரு நாள் வேரோடு பிடுங்கிப் போட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. பிடுங்கியதை அள்ளிக்கொண்டு போனார். மாலையில் ஒரு கிண்ணம் குழம்போடு வந்து நின்றார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். மறுநாள் என் தக்காளிக் கன்றுகளில் ஆறைக் கொண்டுபோய் அவர் பாத்தியில் நட்டேன்.

இன்றைக்கும் அந்தக் குழம்புதான். அதன் பெயரை எழுதத்தான் பாடாய்ப் பட்டேன். அவர் சொல்லும் சத்தத்துக்குத் தமிழில் எழுத்தே இல்லை. நான் எழுதியதை அவர் கடகடவென்று வாசித்துப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேறு ஏதோ அர்த்தம் வந்துவிட்டது போலிருக்கிறது. மூன்றாவது தடவைதான் தலையாட்டினார்.

"நல்லா வாசிக்கிறீங்களே" என்றேன்.

"உங்க எழுத்துன்னா தடங்கலே இல்லாம வரும்ணா. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சதே அதுலதானே."

"செடிக்கு எழுதி வச்சதுலயா?"

"அதுக்கும் முன்னாடி. கதவுக்கு அடியில ஒரு கடுதாசி வந்துச்சே, அதுல."

பேனாவைக் கீழே வைத்தேன்.

நாலே வரி. உங்கள் சமையல் நாற்றம் தாங்க முடியவில்லை, நாலு பேர் குடியிருக்கும் இடம் என்ற நினைப்பு வேண்டாமா என்று, அவர்கள் குடிவந்த முதல் வாரத்தில் நான் முத்து முத்தாக எழுதிய நாலு வரி. என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அவர் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அர்த்தம் புரிய ஆறு மாசம் ஆச்சு. அதுக்குள்ளதான் நாம பழகிட்டோமே" என்றார்.

சொல்லிவிட்டு அட்டையைப் பாத்திரத்தின் முன்னால் நிறுத்தி வைத்தார். தட்டுகளை எடுத்துவர உள்ளே போனார்.

மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

அட்டையைத் திரும்ப எடுத்தேன். குழம்பின் பெயருக்குக் கீழே, சமைத்தவர் என்று போட்டு அவர் பெயரை எழுதினேன். அதற்கும் கீழே, வெங்காயம் நறுக்கியவர் என்று என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்தக் கடிதத்தில் நான் பெயர் போட்டிருக்கவில்லை.