சுரங்கம் வெட்டுகிறவன்

பொன்ராஜ் கட்ட வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் செத்த மகன் ஜாபஸ் வாங்கிய அட்வான்ஸ் அது. அப்பன் தலையில் கட்டிவிட்டார் கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட்.

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை ஆசைக்கு அப்பனின் செல்போனில் ஓடும்படி மாற்றி வைத்திருந்தான் ஜாபஸ். வேலைக்குப் போகும் வேனில் பொன்ராஜ் அதைத் திறந்து பார்ப்பார். யாரும் ஆடாமலே அதில் வீரன் சுரங்கம் வெட்டிக்கொண்டிருப்பான். நாளுக்கு நாள் அவன் பையில் காசு ஏறியது.

“ஏலே, செத்துமா வேலை? உக்காருலே,” என்று வைவார். வீரன் நிமிர மாட்டான்.

காசு 18,650 ஆன மறுநாள் பை காலி. வீரன் உட்கார்ந்திருந்தான்.

அன்று ஏஜெண்ட் நோட்டை நீட்டினார். “ஒன் கணக்குத் தீந்துச்சு, பொன்ராஜு.”

“செத்தவனையும் வேலை வாங்கித்தான தீத்தீக?” என்றார் பொன்ராஜ்.

பாக்கியை அடித்த கோட்டுக்குக் கீழே ஜாபஸின் கையெழுத்து இருந்தது. மை இன்னும் காயவில்லை.