சொம்பு வைக்கும் இடம்

“மறுபடியும் அதே எடத்துல வெச்சிருக்காருங்க உங்கப்பா! வந்து பாருங்க!”

பானுமதி போட்ட சத்தத்தில், முகத்தில் ஷேவிங் நுரையோடு ஓடிவந்தான் நவநீதன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த மார்பிள் மேடையில், விளிம்பை ஒட்டி, ஈரச் சொம்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. தூக்கினால் அடியில் உப்புப் பூத்த வெள்ளை வட்டம்.

“துடைச்சா போயிடும், விடு பானு.”

“போயிடுமா? எங்கே, நீங்க துடைச்சுப் பாருங்க! புது வூட்டுக்கு வந்த நாளா இதோடதான் மல்லுக்கட்டறேன்.”

பொய்யில்லை. பாலக்கோட்டில் வீடு கட்டியபோது மற்றதெல்லாம் நவநீதன் இஷ்டம். இந்தக் கல் மட்டும் அவள் இஷ்டம். கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கியது. மாமனார் தீர்த்தகிரிக்கோ வீட்டுக் குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீர் சப்பென்று இருக்கிறதாம். தோட்டத்து போர் குழாயில்தான் சொம்பை நிரப்புவார். அந்த உப்புத் தண்ணீர் தினமும் சொட்டிக் காய்ந்தால் கல் என்னத்துக்கு ஆகும்?

முதலில் புளி போட்டுத் தேய்த்தாள். பித்தளைக் குடம் போல் பளபளக்கும் என்ற நினைப்பு. இருந்த பளபளப்பும் போய், வட்டம் சொரசொரவென்று இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. மார்பிள் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“புளி, எலுமிச்சை எதுவும் ஆகாதுங்க. கல்லையே அரிச்சுடும். ஈரம் பட்டா அப்பவே துடைச்சுடுங்க. எதை வெச்சாலும் அடியில ஒரு மேட் போடுங்க.”

போட்டாள். சிவப்பில் பூப்போட்ட மேட், சரியாக வட்டத்தின் மேலேயே. மனிதர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, அளவெடுத்தாற்போல் வட்டத்தில் சொம்பை வைத்தார்.

“மேட் கண்ணுக்குத் தெரியலைங்களா மாமா?” என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

“தெரியுதும்மா. மறந்துட்டேன்,” என்றார் அவர்.

“வேணும்னே பண்றாருங்க,” என்று கணவனிடம் இப்போது பொருமினாள். “இங்க ஒரு நாள், அங்க ஒரு நாள்னு வெச்சா மறதின்னு சொல்லலாம். தெனமும் அச்சுப் பிசகாம ஒரே எடத்துல வெச்சா அதுக்குப் பேரு வீம்பு!”

“வயசானவரு பானு...”

“எனக்கு மட்டும் வயசு கொறையுதா? மாரண்டஹள்ளிக்கே கொண்டுபோய் உங்க அண்ணன் வூட்டுல விட்டுடுங்க. என்னால முடியலைங்க.”

ஹாலில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரியின் காதில் அது விழாமல் இருந்திருக்காது.

இரண்டு பக்கமும் இடி வாங்கிய நவநீதன், அன்று மதியமே மார்பிள் பாலிஷ் பவுடரும், கல்லில் ஈரம் இறங்காமலிருக்கப் பூசும் சீலரும் வாங்கிவந்தான். பானுமதி சாப்பாட்டைக்கூட மறந்து தேய்த்தாள். சாயங்காலத்துக்குள் வட்டம் இருந்த சுவடே இல்லை. மேடை முழுக்க ஒரே வழவழப்பு. அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

“சரி, அவரு இருக்கட்டும். ஆனா இன்னொரு வட்டம் மட்டும் விழட்டும், அப்புறம் பேசிக்கறேன்,” என்றாள்.

மறுநாள் காலை, துடைக்கும் துணியோடு அடுப்போரம் காத்திருந்தாள். சொம்பு கல்லில் பட்ட அடுத்த நொடி கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

தோட்டத்திலிருந்து தீர்த்தகிரி சொம்போடு வந்தார். சுவரை ஒட்டியே நடந்து மேடைக்கு வந்து நின்றார். இடது கையால் கல்லைத் தடவினார். இந்தப் பக்கம் தடவினார். அந்தப் பக்கம் தடவினார். திரும்பவும் முதலிலிருந்து தடவினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொம்பை வைத்தார். விளிம்பைத் தாண்டி, வெறும் காற்றில்.

சொம்பு ‘ணங்’கென்று விழுந்து உருண்டது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

“பானு, இருக்கியாம்மா? இங்க சொரசொரன்னு ஒரு வட்டம் இருக்குமே, அது எங்கம்மா போச்சு? கையில தட்டுப்படவே மாட்டேங்குதே,” என்று தீர்த்தகிரி கேட்டார், மூலையில் நின்ற ஃப்ரிட்ஜைப் பார்த்து.