ஐந்தாவது ஏன்

மீதி ஒன்பது மணி நேரம் என்று திரை காட்டியது. கொஞ்ச நேரத்தில் அது பதினொன்று ஆனது.

பார்க்கப் பார்க்க ஏறுகிறதே, இது என்ன ஆட்டோ மீட்டரா என்று மாரிசெல்வம் சிரித்தான்.

அவன் என் மனைவியின் தம்பி. சேரப்பணஞ்சேரியில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் டிரெய்னியாக இருக்கிறான். பாலிடெக்னிக்கில் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டான். மாலையில் பெருங்களத்தூர் போய் சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

என் மனைவி பாண்டிச்செல்வி இறந்து வரும் வியாழனோடு ஒரு வருடம். அன்று ஊரில் படையல்.

மகள் பேசுகிற, நடக்கிற வீடியோக்களைக் கொண்டு வா என்று அத்தை அவனிடம் சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டில் இருப்பவை அசையாத படங்கள் மட்டும்.

வீடியோக்கள் எல்லாம் என் கம்பெனி லேப்டாப்பில் இருந்தன. எங்கள் கம்பெனியில் யுஎஸ்பியைப் பூட்டி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து உள்ளே எடுக்கலாம். உள்ளிருந்து எதுவும் வெளியே போகாது. வீட்டு வைஃபை வழியாக அவன் லேப்டாப்புக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆன்டிவைரஸை நிறுத்தினேன். மோடத்தில் சேனலை மாற்றினேன். இரண்டு பேருடைய போன்களையும் வைஃபையிலிருந்து எடுத்துவிட்டோம். ஒன்றும் குறையவில்லை.

உள்ளறையில், மோடம் பக்கத்திலேயே போய் உட்காரலாமே என்றான். அங்கே ஃபேன் ஓடாது என்றேன்.

உண்மையில் ஃபேன் ஓடும்.

அவனுடைய லைனில் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மெஷின் நின்றால் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்தாவது பதிலில்தான் உண்மையான கோளாறு இருக்குமாம். அவன் எழுந்து, தன் சூப்பர்வைசரைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை விசாரிக்க ஆரம்பித்தான்.

ஏன் மெதுவாகப் போகிறது?

சிக்னல் குறைவு.

ஏன் குறைவு?

மோடம் உள்ளே, ஜன்னலோரம் இருக்கிறது.

ஏன் அங்கே?

டெலிபோன் வயர் அதுவரைதான் எட்டும்.

தீபாவளிக்கு வந்தபோது இதே இடத்தில் நன்றாக எடுத்ததே, இப்போது ஏன் எடுக்கவில்லை?

முன்னால் பீரோ நிற்கிறது என்றேன். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

அவன் உள்ளே போனான். நான் பின்னால் போனேன்.

"இது அந்த மூலையிலல்லா நின்னுச்சு. ஏன் இங்க வந்துச்சு அத்தான்?"

ஐந்தாவது.

அந்த பீரோ அவர்கள் வீட்டுச் சீர். கல்யாணத்துக்குப் பிறகு அதை இந்த மாடிக்கு ஏற்றியவர்களில் அவனும் ஒருவன். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லிச் சொல்லியே அக்காவிடம் அன்று முழுக்க டீ வாங்கிக் குடித்தான்.

பழைய மூலைக்கே தள்ளிவிடலாம் என்றான். நான் வேண்டாம் என்பதற்குள் தோளைக் கொடுத்துவிட்டான். காலை அகட்டி ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, அவனுக்கு ஞாபகமிருந்த கனத்துக்குத் தள்ளினான்.

பீரோ சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. அவன் விழப் பார்த்து, சமாளித்து நின்றான்.

இடித்ததில் கதவு திறந்துகொண்டது. உள்ளே ஒரு சேலை இல்லை. ஒரு வளையல் இல்லை. தட்டுகளில் போன வாரத்துச் செய்தித்தாள், ஓரம் மடித்து, சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. நாப்தலின் உருண்டைகள் கூட புதியவை.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எப்ப அத்தான்?"

வெள்ளிக்கிழமை, வல்லக்கோட்டைக் கோயிலில் என்றேன். என் அம்மா பார்த்த இடம் என்றேன். வருடம் கழிந்ததும் வருகிற முதல் முகூர்த்தம் என்றேன். புதுக் கட்டில் வருகிறது, அதற்கு அந்த மூலை வேண்டியிருந்தது என்றேன். அவன் கேட்காததையெல்லாம் சொன்னேன்.

அவன் பீரோ கதவைச் சாத்தினான். திரும்பத் திறக்காதபடி கைப்பிடியைத் திருப்பினான். அக்காவின் சேலைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்பான் என நினைத்தேன். அதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அவன் கேட்கவில்லை.

ஹாலுக்கு வந்தோம். மீதி சில நிமிடங்கள்தான் என்று காட்டியது.

இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து பச்சைக் கோடு வளர்வதைப் பார்த்தோம். வீடியோக்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. எல்லாம் அவள் வைத்த பெயர்கள். முதல் தோசை. மாடியில் மழை. இவர் தூங்கும்போது.

கடைசி வீடியோ போய்க்கொண்டிருக்கும்போது அவன் போன் அடித்தது. அத்தை. அவர் எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றான். மாப்பிள்ளையும் உன்னோடு கிளம்பி வருகிறாரா, அவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், படையல் முடிந்த மறுநாள் வைக்கிறேன் என்றார்.

மாரிசெல்வம் என்னைப் பார்த்தான்.

"அத்தான் கம்பெனியில ஆடிட் நடக்குதாம், அம்மா. எவ்வளவோ லீவு கேட்டுப் பாத்தாவளாம், தரமாட்டேன்னுட்டானுவளாம்."

காலையில் அவன் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் நான் அவனிடம் சொன்ன பொய் அது. ஒன்றையும் விடாமல் சொன்னான்.