சேர்ந்திசை

ஆண்டுவிழாவில் பாட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டிருந்தார் பாட்டு டீச்சர் சியாமளி. அமுதசெல்வியின் குரல் மட்டும் சுருதியில் நிற்கவே இல்லை. விழாவுக்கு முந்தின நாள் அவளைத் தனியே அழைத்து, "நீ சத்தம் வராம வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்றார். அவள் தலையாட்டினாள். மேடையிலும் அப்படியே செய்தாள்.

பாட்டு முடிந்ததும், மில்லிலிருந்து நேராக வந்திருந்த அவளுடைய அம்மா டீச்சரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தனை பேர்லயும் எம்பிள்ள குரலு தனியாக் கேட்டுச்சு டீச்சர். எனக்கு அழுகையே வந்துருச்சு."

சியாமளி அவள் மகளைப் பார்த்தார். அமுதசெல்வி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்த இடத்துலம்மா நல்லாருந்துச்சு?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா சொல்லச் சொல்ல, கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.