ஒரு விரற்கடை

குரங்கணிக்கு மேலே புது பங்களாவில் ஒரே ஒரு வேலைதான் மிச்சம். ஹாலின் டைல்ஸ் முடிந்து அறையின் மரத்தரை தொடங்கும் வாசலில், இடுக்கை மூடிப் பித்தளைப் பட்டை பதிக்க வேண்டும். மழைக்கு மரம் ஊதும் என்று ஆசாரி முத்துக்கண்ணன் அங்கே ஒரு விரற்கடை விட்டிருந்தான்.

"பட்டை எட்டலண்ணே. உள்ள விழுந்துருச்சு," என்றான் அறைக்குள்ளிருந்து.

டைல்ஸ் கொத்தனார் காசிமாயனுக்குச் சிரிப்பு வந்தது. உளி பிடிக்கிறவன் எவனுக்கும் அளவு தெரியாது என்பது அவருடைய இருபது வருடத் தீர்ப்பு.

"ரெண்டு இஞ்சுப் பட்டை விரக்கடை இடுக்குல விழுந்துச்சாக்கும். ஒன்னையெல்லாம் ஏலக்கா பொறுக்க விட்டாக்கூட வெளங்காது. டேப்பு முனையப் பிடிடா."

ஹாலில் குந்தியபடி டேப்பை நீட்டினார். எதிரே மரத்தரையில் முத்துக்கண்ணன் கையை ஏந்தினான்.

"இன்னும் வரலண்ணே."

மேலும் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் விடுங்க."

"பிடிக்கக்கூடத் துப்பில்ல. வெரசா இந்தப் பக்கம் வா, நானே அளக்குறேன்," என்று எரிந்து விழுந்தார்.

பிறகுதான் குனிந்து பார்த்தார். ஐந்து மீட்டர் டேப்பும் முழுசாக வெளியே வந்திருந்தது. முனை இன்னும் மரத்தைத் தொடவில்லை. கண்ணுக்கு இடுக்கு அதே விரற்கடைதான்.

"நில்லு மாப்ளே," என்றார்.

அதற்குள் முத்துக்கண்ணன் இடுக்கைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியிருந்தான்.